பொட்டி தட்டுறதும் புழுக்கை எண்ணுறதும்

இந்தப் பக்கம் எட்டிப் பாத்து மூணு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தின்னு வழக்கமான பொய்யைச் சொல்லலாம். உண்மைக் காரணம் வேற. ஒரு விண்ணப்பத்தைத் திறந்து வெச்சுக்கிட்டு முழிச்சிட்டு இருந்தேன். வனவிலங்கு உயிரியலும் பாதுகாப்பும், ரெண்டு வருஷ முதுகலைப் படிப்பு. "ஏன் இதைப் படிக்க விரும்புகிறீர்கள், ஒரு பக்கத்துக்குள் எழுதுக." அந்த ஒரு பக்கம்தான் வர மாட்டேங்குது. உங்களுக்கு இங்க பத்து பக்கத்துக்கு மொக்கை போடுற எனக்கு!

எனக்கு வயசு 28. பி.இ. முடிச்சு ஏழு வருஷமா பெங்களூர்ல பொட்டி தட்டிப் பொழைக்கிறேன். ஒண்ணாந்தேதி ஆனா சம்பளம், அஞ்சாந்தேதி ஆனா வீட்டு லோன். இவனுக்கு எதுக்குடா இந்த வேலைன்னு கேப்பீங்க. அதுக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். பொறுத்துக்கோங்க.

எங்க ஊரு விக்கிரமசிங்கபுரம் பக்கம். மொட்டை மாடியில நின்னா பாபநாசம் மலை தெரியும். ஆடி அமாவாசை வந்துட்டா காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பத்தோட கிளம்பிருவோம். வேன்ல அரிசி மூட்டை, பாய், அண்டா, குண்டா, ஒரு கிடா, அதுக்கும் மேல நாங்க. ஆத்தங்கரையில குடில் போட்டு நாலஞ்சு நாள் தங்கல். சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜா உடுப்பு போட்டு உக்காந்திருப்பார் (2020-ல காலமாயிட்டார்). பட்டவராயருக்கு ஜனங்க தோல் செருப்பைக் காணிக்கையா வைப்பாங்க. ஆச்சி வைக்கிற கிடாக்கறிக் குழம்பு, ஆத்துல ஆட்டம், ராத்திரி தூக்கத்துக்கு நடுவுல கேக்குற மேளச்சத்தம். எனக்குக் காடுன்னா இதுதான்.

அது புலிகள் காப்பகம்னு எட்டாங்கிளாஸ் படிக்கிறப்பதான் தெரியும். களக்காட்டையும் முண்டந்துறையையும் சேத்து 1988-ல அறிவிச்சது. தமிழ்நாட்டுக்கே அதுதான் முதல் புலிகள் காப்பகம். ஆக, நாங்க வருஷா வருஷம் கிடா வெட்டி விருந்து சாப்பிட்டது புலி வீட்டு முத்தத்துல!

அடுத்த காட்சி, 2018 ஆரம்பம். நாலு வருஷத்துக்கு ஒருக்கா நாடு முழுக்க நடக்குற புலிக் கணக்கெடுப்பு. காலேஜ்ல கடைசி செமஸ்டர். தன்னார்வலரா வரலாம்னு யாரோ சொல்ல, பேரைக் கொடுத்துட்டேன். புலியைப் பாத்து "ஒண்ணு, ரெண்டு"ன்னு எண்ணப் போறோம்னு ஒரு நெனப்பு. ஹி ஹி.

உண்மையில நடந்தது என்னன்னா, மொத மூணு நாள் காட்டுப் பாதையில நடந்து கால்தடம், எச்சம், மரத்துல நகக்கீறல் தேடணும். அடுத்த மூணு நாள் 2 கிலோமீட்டர் நேர்கோட்டுப் பாதையில விடியக்காலையில சத்தமில்லாம நடக்கணும். மானோ மிளாவோ கண்ணுல பட்டா எத்தனை, எவ்வளவு தூரம், எந்தத் திசைன்னு குறிக்கணும். அப்புறம் அதே பாதையில 400 மீட்டருக்கு ஒருக்கா நின்னு, அங்க இருக்குற செடி, மரம், புழுக்கை எல்லாத்தையும் எண்ணணும். ஆமாங்க, புழுக்கை. மான் புழுக்கை எது, மிளா புழுக்கை எதுன்னு குனிஞ்சு குனிஞ்சு பாத்து முதுகு போச்சு. ஒரு புலியைக்கூடப் பாக்கல.

ஆனா தூரம் எதுக்குக் குறிக்கிறோம்னு தெரிஞ்சதும் எனக்குள்ள இருந்த இன்ஜினியர் முழிச்சிக்கிட்டான். பக்கத்துல நிக்கிற மான் கண்ணுல படும், தூரத்துல நிக்கிறது தப்பிக்கும். தூரம் கூடக்கூட எவ்வளவு தவற விடுறோம்னு கணக்குல கண்டுபிடிச்சுட்டா, பாக்காத மானையும் எண்ணிரலாம்! புலிக்கு வேற கணக்கு. வரி ஒவ்வொண்ணுக்கும் நம்ம கைரேகை மாதிரி தனித்தனி. தானியங்கிக் கேமராவுல விழுந்த புலி மறுபடி எத்தனை தடவை விழுதுன்னு பாத்து மொத்தத்தை மதிப்பிடுறாங்க. அந்த 2018 கணக்கெடுப்புல நாடு முழுக்க 26,838 இடத்துல கேமரா வெச்சாங்க. விழுந்த படம் 3 கோடியே 48 லட்சத்துக்கு மேல. அதுல புலி இருந்தது 76,651. இத்தனையையும் இனம் பிரிச்சு, வரியை ஒப்பிட்டுச் சொல்ல மென்பொருள் இருக்கு. மனுஷன் ஒவ்வொண்ணா பாத்திருந்தா கண்ணு அவிஞ்சிருக்கும்.

இந்தக் கணக்கு இந்தியாவுல வேரூன்ற முக்கியமான காரணம் உல்லாஸ் காரந்த். அவர் படிச்சது என்ன தெரியுமா? மெக்கானிக்கல் இன்ஜினியரிங்! சூரத்கல்ல 1971-ல முடிச்சவர். அப்புறம்தான் அமெரிக்காவுல புளோரிடா பல்கலைக்கழகத்துல வனவிலங்குப் படிப்பு. கால்தடத்தை வெச்சுப் புலியை எண்ணுற பழைய முறை சரியில்லைன்னு அவர் ரொம்ப நாள் சொல்லிட்டிருந்தார். 2005-ல சரிஸ்காவுல புலியே மிச்சமில்லைன்னு வெளிய வந்தப்பதான் எல்லாருக்கும் உறைச்சது. புத்தகத்துல புலி இருந்துச்சு, காட்டுல இல்ல.

அந்த ஆறு நாளும் எங்கூட நடந்தவர் ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர். காணி இனத்துக்காரர். அஞ்சாங்கிளாஸோட படிப்பு நின்னு போச்சுன்னார். காய்ஞ்ச எச்சத்தைக் குச்சியால கிளறி, "சிறுத்தை சார், மூணு நாளிருக்கும், குரங்கைத் தின்னுருக்கு"ன்னு சாதாரணமா சொல்லுவார். நான் வாயைப் பொளந்துட்டு நிப்பேன். கடைசி நாள் ராத்திரி கஞ்சி குடிச்சிட்டு இருக்கும்போது, "அண்ணாச்சி, எனக்கும் இந்த வேலைக்கே வந்துரலாம்னு தோணுது"ன்னேன். அவர் சிரிக்கல.

"தம்பி, நான் தற்காலிகம்தான். இன்னும் நிரந்தரம் ஆவல. எம் மவன் ஒம்பதாவது படிக்கான். அவன ஒங்கள மாதிரி இன்ஜினியர் ஆக்கிரணும். இந்த வேல என்னோட போவட்டும்."

கஞ்சி தொண்டையில நின்னுச்சு. ஏழு வருஷம் ஆச்சு, அது இன்னும் முழுசா இறங்கலன்னு வெச்சுக்கோங்களேன்.

அப்புறம் வேலை, ப்ராஜெக்ட், ஆன்சைட்டுன்னு வண்டி ஓடுச்சு. ஆனா ரெண்டு வருஷமா மறுபடி அரிக்க ஆரம்பிச்சு, படிப்பு என்னென்ன இருக்குன்னு தேடினேன். என்னை மாதிரி அரிப்பு எடுத்தவங்க யாராவது படிச்சா உபயோகப்படுமேன்னு சுருக்கமா சொல்றேன்.

டேராடூன்ல இந்திய வனவிலங்கு நிறுவனம், 1982-ல துவங்கினது. எம்.எஸ்சி. வனவிலங்கு அறிவியல் உண்டு. ஏற்கனவே வனத்துறையில இருக்குற அதிகாரிகளுக்குப் பத்து மாச வனவிலங்கு மேலாண்மைப் பட்டயமும் அங்கதான். பெங்களூர்ல தேசிய உயிரியல் அறிவியல் மையம், சுருக்கமா என்.சி.பி.எஸ். 2004-ல ஆரம்பிச்ச எம்.எஸ்சி. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்காதான் ஆள் எடுப்பாங்க, அதுவும் பதினஞ்சு பேர் பக்கம்தான். இன்ஜினியருங்களும் படிச்சு வந்திருக்காங்க. நம்மூர்ல மயிலாடுதுறை பக்கம் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில வனவிலங்கு உயிரியல் ரொம்ப காலமா இருக்கு. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில வனவியல். ஒவ்வொரு இடத்துக்கும் தகுதி, தேர்வு வேற வேற. அந்தந்த வருஷ அறிவிப்பைப் பாத்துக்கோங்க.

படிக்கவெல்லாம் வேணாம், நேரா அதிகாரியா போறேன்னா இந்திய வனப்பணி. யு.பி.எஸ்.சி. தேர்வு. 2013-லேர்ந்து முதல்நிலைத் தேர்வு ஐ.ஏ.எஸ்.காரங்களோட பொது. பி.இ. படிச்சவங்க எழுதலாம். பொதுப்பிரிவுக்கு வயசு 32 வரைக்கும். எல்லாம் முடிச்சு 4 மணி நேரத்துல 25 கிலோமீட்டர் நடந்து காட்டணும், பெண்களுக்கு 14. என் தொப்பையை நானே ஒருக்கா குனிஞ்சு பாத்துக்கிட்டேன். அவ்வ்வ்.

இதை வீட்ல சொன்னப்ப நடந்த கூத்து தனி. "ஐ.எஃப்.எஸ். எழுதலாம்னு இருக்கேம்ப்பா"ன்னு போன்ல சொன்னேன். அப்பா மில்லுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். மறுநாள் சாயங்காலத்துக்குள்ள தெரு முழுக்க நான் வெளிநாட்டுத் தூதர் ஆகப்போறதா செய்தி பரவிருச்சு. அது ஃபாரின் சர்வீஸ்ப்பா, இது ஃபாரஸ்ட் சர்வீஸ்னு விளக்கினதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"ஏலே, ஃபாரஸ்ட்டருக்குப் போறதுக்கா ஒன்ன பி.இ. படிக்க வச்சேன்?"

ஃபாரஸ்ட்டர் இல்லப்பா, அதுக்கும் மேலன்னேன். அப்புறம் அது கிடைக்காட்டி படிக்கப் போறேன்னு எம்.எஸ்சி. பத்திச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "படிச்சு முடிச்சா மாசம் எவ்ளோ வரும்?"

எனக்குப் பதில் தெரியல. அதனால ஒருத்தரைப் பாக்கப் போனேன். எங்க டீம்ல முன்ன லீடா இருந்த ஒரு அக்கா, வேலையை விட்டுட்டு இதே மாதிரி ஒரு படிப்பு படிச்சு இப்ப ஆராய்ச்சியில இருக்காங்க. டீக்கடையில வெச்சு ரெண்டு மணி நேரம் என் கனவைத் துவைச்சுக் காயப் போட்டாங்க.

"சம்பளம் நீ இப்ப வாங்குறதுல நாலுல ஒரு பங்குன்னு வெச்சுக்கோ. அதுவும் ப்ராஜெக்ட் இருக்குற வரைக்கும்தான். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா அடுத்த வேலை தேடணும். காட்டுல இருக்கப்போறது சில மாசம். மீதி நாள் டேட்டா, கோடு, அறிக்கை. நீ எதை விட்டு ஓடுறியோ அதே லேப்டாப்தான்டா தம்பி."

"அப்போ உபயோகமே இல்லையாக்கா?"

"இருக்கு. கோடு எழுதத் தெரிஞ்சவனுக்கு வேலை கிடக்கு. ஆனா ஒண்ணு. ஒரு ஊர்க் கூட்டத்துல நடுவுல உக்காந்து, ஜனங்க திட்டுறதை எல்லாம் பொறுமையா கேட்டுட்டு, மறுநாளும் அதே ஊருக்குப் போவியா? அதுதான் இந்த வேலை. புலி என்னைக்கும் என்னைத் திட்டினதில்ல."

அவங்கதான் வால்பாறை கதையைச் சொன்னாங்க. அங்க சுத்தியும் காடு, நடுவுல தேயிலைத் தோட்டம், நடுநடுவே யானை போற வழி. யானை தாக்கி செத்தவங்களைப் பத்தி ஆராஞ்சு பாத்தா, பெரும்பாலும் யானை பக்கத்துல நிக்கிறதே தெரியாம இருட்டுல எதிர்ல போய் மாட்டினவங்க. அகழி, மின்வேலின்னு யோசிக்காம, தகவல்தான் குறையுதுன்னு புரிஞ்சுக்கிட்டாங்க. 2011 வாக்குல நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆளுங்க வனத்துறையோட சேந்து, யானை இன்னைக்கு எந்தத் தோட்டத்துல நிக்குதுன்னு ஜனங்களுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப ஆரம்பிச்சாங்க. உள்ளூர் கேபிள் டிவியில ஓடுற எழுத்து, மேட்டுல சிவப்பு விளக்கு, அதை செல்போன்லயே எரிய விடலாம். உயிர்ச்சேதம் குறைஞ்சது. ஒரு எஸ்.எம்.எஸ்., மக்கா! நாங்க ஆபீஸ்ல தள்ளுபடி விளம்பரம் அனுப்புறதுக்கு எழுதுற அதே கோடு.

அன்னைக்கு பஸ்ல திரும்பி வரும்போதே முடிவு பண்ணிட்டேன், விண்ணப்பம் போடுறதுன்னு. அந்த ஒரு பக்கத்தையும் ஒரே ராத்திரியில எழுதிட்டேன். புலி, கம்பீரம், சின்ன வயசுலேர்ந்து காட்டு மேல காதல், இயற்கைத்தாய். படிச்சுப் பாத்தா ஏதோ கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்துச்சு. சரி, அப்புறம் திருத்துவோம்னு மூடி வெச்சேன். அதைத் திருத்த விடாம பண்ணினது எங்க ஆச்சி.

போன ஆடி அமாவாசைக்கு ஊருக்குப் போயிருந்தேன். இப்ப கோயிலுக்குப் போக நிறைய கட்டுப்பாடு. சொந்த வண்டியில போக முடியாது, அரசு பஸ்தான். தங்குறதுக்கும் நாள் கணக்கு. பிளாஸ்டிக் கொண்டு போகக்கூடாது. ஆச்சிக்கு 81 வயசு. செக்போஸ்ட்ல பையைச் சோதிச்சு அவங்க பத்திரமா சுருட்டி வெச்சிருந்த கவர்களை எடுத்துட்டாங்க. வாங்கின தம்பி பாவம், "பாட்டிம்மா"ன்னு மரியாதையாத்தான் பேசினார். ஆனா ஆச்சிக்கு வந்துச்சே கோவம்.

"அய்யனார்ட்ட போறதுக்கு நான் இவன்ட்ட சீட்டு வாங்கணுமாக்கும்?"

எனக்கு உள்ள இருந்த வருங்கால விஞ்ஞானி சும்மா இருப்பானா? பஸ்ல உக்காந்து லெக்சர் எடுத்தேன். லட்சக்கணக்குல ஜனம் வருது ஆச்சி, குப்பை சேருது, ஆத்துல பழைய துணியை விடுறாங்க, தாமிரபரணியே நாறுது, மிருகத்துக்கெல்லாம் தொந்தரவு, அப்படி இப்படி. எல்லாம் உண்மைதான். ஆச்சி முழுசும் கேட்டுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு சொன்னாங்க:

"சாமி காடுன்னு பயந்துதானய்யா இத்தன காலமும் ஒருத்தனும் கைய வைக்கல. நாங்க போவாட்டி அது யாரு காடு?"

எங்கிட்ட பதில் இல்ல. ஆத்துல துணி விட்டது எங்க குடும்பமும்தான். அந்தக் காட்டைச் சாமியா நெனச்சு விட்டு வெச்சதும் எங்க குடும்பம் மாதிரி ஆளுங்கதான். ரெண்டுல எதை மட்டும் எழுதுறது?

இதே மாதிரி இன்னொண்ணு. எங்கூட ஸ்கூல்ல படிச்சவன் ஒருத்தன், மாஞ்சோலைக்காரன். அவங்க அப்பா அம்மா தேயிலை பறிச்சு அவனைப் படிக்க வெச்சாங்க. 1929-ல 99 வருஷக் குத்தகைக்குப் போன காடு அது, 2028-ல முடியுது. 2024-ல தொழிலாளிங்க விருப்ப ஓய்வு வாங்கிட்டு இறங்குற நிலைமை. புலிகள் காப்பகத்துக்கு நடுவுல தோட்டம் போய் காடு திரும்ப வந்தா நல்லதுதான்னு என் மூளை சொல்லுது. ஆனா "நான் பொறந்த லயம்டா அது"ன்னு அவன் போன்ல சொன்னப்ப, அந்த நல்லதை அவன்கிட்ட சொல்ல எனக்கு நாக்கு எழும்பல.

அமெரிக்காவுல 1964-ல ஒரு சட்டம் போட்டாங்க. மனுஷன் வந்து பாத்துட்டுப் போகலாம், குடியிருக்கக் கூடாதுங்கிற மாதிரியான இடங்களைத் தனியா ஒதுக்கி, அதை நிர்வாகம் பண்ணவே படிப்பெல்லாம் வெச்சிருக்காங்க. அந்த மண்ணுலயும் முன்ன பூர்வகுடிங்க இருந்தாங்கங்கிறது தனிக்கதை. நம்ம ஆளுங்க திணை பிரிச்சப்பவே குறிஞ்சிக்குக் குறவர், முல்லைக்கு ஆயர்னு ஆளையும் சேத்துதான் நிலத்தைச் சொன்னாங்க. இங்க ஆளில்லாத காடுன்னு ஒண்ணைப் படிச்சுட்டு வந்து, முண்டந்துறையில வெச்சு அதை என்ன பண்ண?

எங்க ஊர்ப்பக்கத்துக்காரர் ஒருத்தர் உண்டு. நாங்குநேரி ஏ.ஜே.டி. ஜான்சிங். சிவகாசியில காலேஜ் வாத்தியாரா இருந்தவர், 1976-ல பந்திப்பூர் காட்டுக்குப் போய் செந்நாய்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ணினார். 1985-ல டேராடூன் நிறுவனத்துல சேந்து, இன்னைக்கு நாடு முழுக்க இருக்குற வனவிலங்கு ஆளுங்கள்ல நிறைய பேருக்கு வாத்தியார் ஆனார். 2024 ஜூன்ல காலமானார். நாங்குநேரியிலேர்ந்து ஒருத்தர் அந்தக் காலத்துலயே போயிருக்கார்னு அப்பாகிட்ட சொன்னேன். அப்பா பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, "அவரு வாத்தியார் வேல கையில இருக்கும்போது போனாரா, விட்டுட்டா?"ன்னு கேட்டார். அப்பாங்க எப்பவும் அப்பாங்கதான் :-)

போன ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கத்தை முழுசா அழிச்சேன். புலி, இயற்கைத்தாய் எல்லாம் போச்சு. புதுசா எழுத உக்காந்தேன். எங்க ஆச்சி செக்போஸ்ட்ல கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாததால படிக்க விரும்புறேன்னு முதல் வரி. மகனை இன்ஜினியர் ஆக்கப் பாக்குற காவலரோட ஒரு இன்ஜினியர் காட்டுல நடந்த கதை அடுத்தது. புழுக்கை எண்ணுன கணக்கு, கோடு எழுதத் தெரியும்கிறது கடைசியில. ஒரு பக்கம் சரியா நிறைஞ்சது.

நேத்து ராத்திரி அனுப்பிட்டேன். லோன் இன்னும் நாலு வருஷம் இருக்கு. சேமிப்பை எண்ணிப் பாத்தா, ஃபிளாட்டை வாடகைக்கு விட்டா ரெண்டு வருஷம் எப்படியோ ஓடும். அப்பா "ஒன் இஷ்டம்"னு சொல்லிட்டார். எங்க வீட்ல அதுக்கு "இஷ்டமில்லை"ன்னு அர்த்தம். கிடைக்குமான்னு தெரியாது. கிடைச்சா அடுத்த ஆடி அமாவாசைக்கு ஆச்சிகூட போய் நாலு நாள் நின்னு, யார் என்ன கொண்டு வர்றாங்க, என்னத்தை விட்டுட்டுப் போறாங்கன்னு எண்ணிப் பாக்கலாம்னு இருக்கேன். கிடைக்காட்டியும் போறதுதான்.

அந்தக் காவலரோட மகன் இந்நேரம் காலேஜ் போயிருக்கணும். என்ன படிக்கிறான்னு விசாரிச்சுட்டுச் சொல்றேன்.

டிஸ்கி: ஆச்சிகிட்ட இன்னும் விஷயத்தைச் சொல்லல. தெரிஞ்சவங்க யாரும் போட்டுக் குடுத்துராதீங்க.